கண்ணாடி பவர் ஏன் ஏறிக்கிட்டே போகுது? கோழிக்குஞ்சுகளை வைத்து விடை தேடிய விஞ்ஞானி ஜோஷ் வால்மன்!

பெரம்பலூரோ, அரியலூரோ... எந்த ஊர் பள்ளிக்கூடமானாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பின் பெஞ்சில் இருக்கும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு போர்டைப் பார்க்கும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். கண் டாக்டரிடம் காட்டினால் மைனஸ் பவர். அடுத்த வருஷம் போனால் பவர் இன்னும் கூடியிருக்கும். 'டிவிக்குக் கிட்ட உட்காராதேன்னு சொன்னா கேட்டியா?' என்று வீட்டில் திட்டு விழும்.

ஆனால் கண்ணுக்குள் நிஜமாகவே என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்காகவே பல ஆண்டுகள் உழைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோஷ் வால்மன். அவர் கண்டுபிடித்தது என்ன? நம்ம பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்? பார்க்கலாம்.

கிட்டப்பார்வை என்றால் என்ன?

கண்ணுக்குள் போகும் ஒளி, பின்புறம் உள்ள விழித்திரையில் சரியாகக் குவிந்தால் காட்சி தெளிவாகத் தெரியும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் உருண்டை முன்னிருந்து பின்னாக வழக்கத்தைவிட நீண்டுவிடுகிறது. அதனால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும்.

பெரியவர்களின் கண் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். அதாவது இது கண்ணின் 'பலவீனம்' இல்லை. வளர்ச்சியில் வரும் சிக்கல். வளர வேண்டியது எவ்வளவு என்று கண்ணுக்கு யார் சொல்கிறார்கள்?

யார் இந்த ஜோஷ் வால்மன்?

நியூயார்க் சிட்டி கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர். 2012-ல் காலமானார். கிட்டப்பார்வை பரம்பரையாக வருவது, அதில் செய்ய ஒன்றுமில்லை என்று பலரும் நம்பிய காலத்தில் இந்தத் துறைக்கு வந்தார்.

1977-ல் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். குட்டிக் குரங்கின் இமையை மூடி வைத்தால் அந்தக் கண் நீண்டு வளர்கிறது என்பதே அது. மறு வருஷமே, 1978-ல், வால்மன் குழு கோழிக்குஞ்சுகளில் அதே போன்ற விளைவைக் காட்டியது. குஞ்சு பொரித்ததும் பார்வையின் ஒரு பகுதியை மறைத்து வளர்த்தார்கள். சில வாரங்களிலேயே கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது.

ஏன் கோழிக்குஞ்சு? கண் பெரியது, வேகமாக வளரும், சில நாட்களிலேயே விடை கிடைத்துவிடும்.

மூளை சொல்லாமலே வளரும் கண்

அடுத்து வந்ததுதான் ஆச்சரியம். 1987-ல் வால்மன் குழு, குஞ்சின் கண்ணில் பாதிப் பகுதியை மட்டும் மறைத்தது. மறைக்கப்பட்ட பாதி மட்டுமே நீண்டு வளர்ந்தது! மூளைக்குப் போகும் பார்வை நரம்பைத் துண்டித்த பிறகும் கண் இப்படி நீண்டது.

முடிவு என்ன? காட்சி மங்கலாக இருக்கிறது என்பதை விழித்திரையே கண்டுபிடித்து, அந்தந்த இடத்துக்கு 'வளர்' என்று கட்டளை போடுகிறது. மூளையின் உத்தரவுக்காக அது காத்திருப்பதில்லை.

1988-ல் ஃபிராங்க் ஷேஃபல் குழு குஞ்சுகளுக்குக் கண்ணாடியே மாட்டிப் பார்த்தது. மைனஸ் லென்ஸ் வைத்தால் கண் நீண்டது. பிளஸ் லென்ஸ் வைத்தால் வளர்ச்சி குறைந்தது. கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது என்பது இதில் தெளிவானது. இன்று குழந்தைகளுக்கு டாக்டர்கள் தரும் கிட்டப்பார்வைக் கட்டுப்பாட்டு லென்ஸ்களுக்கு இந்த வகை ஆய்வுகள்தான் அடித்தளம்.

வெயிலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கண் நீள்வதற்கு இது ஒரு பிரேக் போல வேலை செய்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வகுப்பறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மரநிழலில்கூட சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்.

இதைப் பிள்ளைகளிடமும் சோதித்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். 2015-ல் வெளியான முடிவு இது: 3 ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4%. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5%.

பெரம்பலூர், அரியலூரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் டியூஷன், ராத்திரி ஹோம்வொர்க் என்று போனால் அந்த வெளிச்சம் பிள்ளையின் கண்ணுக்கு எங்கே கிடைக்கும்?

அப்போ செல்போன் காரணம் இல்லையா?

அதுவும் ஒரு காரணம்தான். புத்தகமோ போனோ, நீண்ட நேரம் மிகக் கிட்டத்தில் பார்ப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. அம்மா, அப்பா இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் அதிகம். ஆனால் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு வேகமாகப் பரவுவதை மரபணுவால் மட்டும் விளக்க முடியாது. 2050-ல் உலக மக்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம் என்கிறது 2016-ல் வெளியான ஒரு கணிப்பு. டெல்லி பள்ளிக் குழந்தைகளிடம் எய்ம்ஸ் டாக்டர்கள் நடத்திய ஆய்வில், 13.1% பேருக்கு இந்தப் பிரச்னை இருந்தது.

கண்ணாடி போட்டா பவர் ஏறுமா?

இல்லை. இந்தப் பயத்தில்தான் பலர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, கண்ணாடி போடாமல் தள்ளிப்போடுகிறார்கள். வேண்டிய பவரைவிடக் குறைவாகப் போட்டால் நல்லது என்பதும் தவறு. மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வில், அப்படிக் குறைத்துப் போட்ட குழந்தைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. கேரட், பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது. ஆனால் நீண்டுவிட்ட கண்ணை அவை சுருக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* காலை, மாலை சேர்த்து தினமும் 2 மணி நேரமாவது வெளியே விளையாட விடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், நிழலே போதும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

* படிக்கும்போது புத்தகம் ஓரடித் தூரத்துக்கு மேல் இருக்கட்டும். அவ்வப்போது எழுந்து தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

* வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை அவசியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாகவே கிடைக்கும். வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனை கண் பிரிவிலும் காட்டலாம்.

* பவர் வேகமாக ஏறினால், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, சிறப்பு லென்ஸ் போன்ற வழிகள் உண்டு. ஆனால் கண் டாக்டர் சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் போடக் கூடாது.

அலட்சியம் ஏன் கூடாது? பவர் மிக அதிகமாக ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்றுவிடுவது, கண் நீர் அழுத்த நோய் போன்றவை வரும் ஆபத்து அதிகம். அதில் போன பார்வையைக் கண்ணாடியால் மீட்க முடியாது. நீண்ட கண் மறுபடி பழைய நீளத்துக்கு வராது; அதனால் வளரும் வயதில் தடுப்பதுதான் வழி.