சுங்கவாயிலும் ஆக்கவுரிமையும்

இணுவிலின் செம்மண்ணிற் புகையிலை நட்டு வாழ்ந்த நம் முன்னோருக்கு ஏகபோகம் என்பது ஏட்டிற் கண்ட சொல் அன்று. யாழ்ப்பாணப் புகையிலைக்கு நெடுங்காலம் பெருஞ்சந்தையாக விளங்கியது திருவிதாங்கூர். அங்கே அதன் வாணிபம் அரசின் தனியுரிமை. 1863 இலேதான் அவ்வுரிமை ஒழிந்தது. துலா மிதித்து நீர் இறைத்தவன் உழவன்; கன்றுக்குக் கன்று காவல் நின்றவனும் அவனே. எனினும் விலையை உரைத்தவன் வாயிலில் நின்றவன். பண்டத்தை ஆக்குவோனிலும் அது செல்லும் வழியை அடைத்து நிற்போனுக்கு வலிமை மிகும் என்ற இவ்வுண்மையை மனத்திற்கொண்டே இன்றைய ஆக்கவுரிமை வழக்குகளை நாம் நோக்குதல் வேண்டும்.

ஆக்கவுரிமை தோன்றியது தீய நோக்கத்தினால் அன்று. ஆங்கில மன்னர்கள் உப்பு, சீட்டுக்கட்டு முதலியவற்றின் தனியுரிமையைத் தம் அன்பர்க்கு வாரி வழங்கிய காலத்தில், அதனைத் தடுக்கவே 1624 ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. புதியதொன்றைக் கண்டவனுக்கு மட்டும், குறித்த ஆண்டுகளுக்கு மட்டும், உரிமை என்று அச்சட்டம் வரம்பிட்டது. புதுமையை ஊருக்குக் கூறு, சில காலம் நீயே பயன்கொள், பின்னர் அது பொதுச்சொத்து என்பதே உடன்படிக்கை. ஆக, புதிது எது, பழையது எது என்னும் வினாவிலேயே முழுச் சட்டமும் தங்கியிருக்கிறது.

இந்த வினா மதுரையில் எழுந்தது. ஒரே கைத்தொலைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் அட்டைகளை இட்டுப் பேசும் முறைக்கு அவ்வூரவர் ஒருவர் 2002 இல் விண்ணப்பித்து, 2008 இல் 214388 ஆம் இலக்க இந்திய ஆக்கவுரிமையைப் பெற்றார். இரட்டைச் சிம் தொலைபேசி ஏழை எளியவரின் கருவி. ஒரு கம்பனியின் மலிவான அழைப்பையும் மற்றொன்றின் மலிவான அழைப்பையும் ஒரே கையில் வைத்துக் கணக்குப் பார்த்துப் பேசுவோருக்கு அஃது எத்துணை உதவி என்பதை நம் ஊர்க் கடைக்காரர் எவரும் சொல்வர்.

இந்திய அரசு 2007 இல் ஒரு விதியை இயற்றியிருந்தது. புலமைச்சொத்து உரியவர் சுங்கத்திற் பதிவு செய்துகொண்டால், அவ்வுரிமையை மீறியதாகக் கருதப்படும் இறக்குமதிச் சரக்கைச் சுங்க அதிகாரி தடுத்து நிறுத்தலாம். போலி வணிகக்குறியைத் தடுக்க இவ்விதி பொருத்தமே. பெயர்ச்சீட்டைக் கண்ணாற் பார்த்தாற் போதும். ஆனால் ஒரு மின்சுற்று ஒருவருடைய ஆக்கவுரிமைக்குள் அடங்குகிறதா என்பதைப் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரி எங்ஙனம் துணிவார்? மதுரைக்காரர் இவ்விதியைப் பற்றிக்கொண்டார். 2009 இல் இரட்டைச் சிம் தொலைபேசிகள் சுங்கத்திலே முடங்கின. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கவேண்டிய வாதம் சரக்குக் கிடங்கிலே முடிந்துவிடும் போலாயிற்று. தேங்கிய சரக்கு நாள்தோறும் நட்டம். நட்டத்துக்கு அஞ்சியவன் சமரசத்துக்கு வருவான்.

அவரை நாம் கயவர் என்று கூறவில்லை. சட்டம் திறந்துவைத்த வாயிலில் அவர் நின்றார், அவ்வளவே.

அமெரிக்காவிலோ அது தொழிலாகவே வளர்ந்தது. எப்பண்டமும் செய்யாது, பழைய ஆக்கவுரிமைகளை வாங்கி வழக்காடியே வருவாய் தேடும் கம்பனிகள் அங்கே பெருகின. அவற்றுள் ஒன்று டீ.கியூ.பி. டெவலப்மென்ற். தொலைபேசிக் கம்பிவழித் தரவைக் காப்பதற்கு 1989 இல் விண்ணப்பித்து 1995 இல் வழங்கப்பட்ட ஒரு ஆக்கவுரிமையைக் கைக்கொண்டு, இணையக் கடைகள் யாவும் வாடிக்கையாளரின் அட்டை இலக்கத்தைக் காக்கக் கையாளும் மறையாக்க முறை தனக்கே உரியது என்றது அக்கம்பனி. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பணம் கொடுத்து ஒதுங்கின. நியூஎக் என்னும் கடை மட்டும் மல்லுக்கு நின்றது. ரெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் என்ற சிற்றூரில் 2013 நவம்பரில் வழக்கு நடந்தது. 1976 இல் மார்ட்டின் ஹெல்மனுடன் பொதுத்திறவுகோல் மறையாக்கத்தை உலகுக்கு அறிவித்த விற்பீல்ட் டிபியே கூண்டேறிச் சாட்சி சொன்னார். வழக்கிற் பேசப்பட்ட மறையாக்க முறைகளுள் ஒன்றான ஆர்.சி.4 ஐ ரொன் ரிவெஸ்ட் ஆக்கியது 1987 இல். அதாவது அந்த விண்ணப்பத்துக்கும் இரண்டாண்டு முன்னர். அவ்வளவும் கேட்ட பின்னரும் யூரிமார் கடைக்கு எதிராக 23 இலட்சம் டொலர் விதித்தனர்! 2015 இல் நீதிபதியே, கடை உரிமையை மீறவில்லை எனத் தீர்த்து, அம்முடிவைத் தள்ளினார். அதற்குள் முன்னரே ஒதுங்கியவர்களின் பணம் கைமாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நியூஎக்கிற்கு வழக்காட வலுவிருந்தது. அத்துணை வலுவில்லாத சிறு வணிகன் கடிதம் வந்தவுடனேயே மடிசீலையை அவிழ்க்கிறான். உண்மை எத்தரப்பில் என்பது அங்கே ஆராயப்படுவதே இல்லை. வழக்குச் செலவு பெரிதா, கேட்கும் தொகை பெரிதா என்னும் கணக்கே தீர்ப்பாகிவிடுகிறது.

மதுரை வழக்கு வேறு வழியிற் சென்றது. தொலைபேசிக் கம்பனிகள் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேன்முறையீட்டு வாரியத்தை நாடின. 2012 யூன் மாதம் அவ்வாரியம் 214388 ஆம் இலக்க உரிமையை இரத்துச் செய்தது. அதே ஆண்டில், வேறொருவரின் ஆக்கவுரிமை தொடர்பான வழக்கில், ஆக்கவுரிமை மீறலைச் சுங்க அதிகாரி தாமாகவே தீர்மானிக்கும் போக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2018 இல் 2007 ஆம் ஆண்டு விதியிலிருந்து ஆக்கவுரிமையே நீக்கப்பட்டது. வணிகக்குறியும் பதிப்புரிமையும் போன்றவை மட்டும் அதில் எஞ்சின. வாரியமும் 2021 இல் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன.