அன்னா மணியின் ஆய்வேடு

பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் சர் சி. வி. இராமனின் மாணவர்கள் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் கட்டமைக்கப்பட்டு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அன்னா மணியின் ஏடும் ஒன்று. மற்ற ஏடுகளிலிருந்து அதைத் தோற்றத்தால் வேறுபடுத்த இயலாது. ஆனால் அந்த ஏட்டிற்குப் பட்டம் அளிக்கப்படவே இல்லை. இராமனின் ஆய்வகத்தில் பணியாற்றிய பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த அறிவியல் வரலாற்றாளர் ஆபா சூர் இதனைப் பதிவு செய்துள்ளார்.

அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23 அன்று திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். தந்தை கட்டடப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. எட்டாம் பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி தரப்பட்ட வைரத்தோட்டை மறுத்து, கலைக்களஞ்சியத் தொகுதி கேட்டு வாங்கிய கதையை அவரைப் பற்றி எழுதுவோர் எவரும் விடுவதில்லை. பின்னாளில் அவருடைய முதல் ஆய்வுப் பொருளாக வைரமே அமைந்தது என்பதால் அக்கதைக்கு ஒரு சுவை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்தார். மறு ஆண்டு உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

இங்கு இரண்டு வரலாறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். 1933இல் கமலா சோஹோனி அதே கழகத்தில் சேர முயன்றபோது, பெண் என்பதற்காகவே இராமன் முதலில் மறுத்தார். அன்னா மணிக்கு அந்தத் தடை நேரவில்லை; இராமன் அவரை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆய்வகத்திற்குள் ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதை அவர் விரும்பவில்லை. சக ஆய்வாளரோடு அன்றாடம் நிகழ வேண்டிய உரையாடலே ஆய்வுப் பயிற்சியின் பெரும்பகுதி என்பதை எண்ணினால், அந்தக் கட்டுப்பாட்டின் விலை விளங்கும். கருவியைக் கையாளுகையில் பெண்கள் சிறு பிழை செய்தாலும் அது பெண்ணினத்தின் திறமைக்குறைவாகப் பறைசாற்றப்பட்டது என்றும் சூரின் ஆய்விலிருந்து அறிகிறோம்.

பணியோ கடுமையானது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் உறிஞ்சலையும் இராமன் நிறமாலையையும் அவர் பதிவு செய்தார். படிகத்தைத் திரவக் காற்றின் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். ஒளிர்வு மங்கலான வைரமாயின், ஒளிப்படத் தகட்டில் நிறமாலை பதிவதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். 1942 முதல் 1945 வரை தம் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார்.

சென்னைக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. இந்திய அறிவியல் கழகம் 1958இல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதுவரை தானே பட்டம் வழங்கும் நிலை அதற்கு இல்லை. அங்கு செய்யப்பட்ட ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே பட்டமளித்தது. அப்பல்கலைக்கழகம், அன்னா மணியிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி மறுத்துவிட்டது. ஆய்வகத்தில் நுழைய ஆனர்ஸ் பட்டம் போதும் என்றது ஒரு நிறுவனம். பட்டம் பெற அது போதாது என்றது மற்றொன்று. ஐந்தாண்டு உழைப்பு இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்தது. ஆய்வின் தரம் இங்கே பேசுபொருளாகவே இல்லை.

பட்டம் இல்லாமை தம் வாழ்வில் பெரிய வேறுபாடு எதையும் ஏற்படுத்தவில்லை என்று அன்னா மணி பிற்காலத்தில் கூறினார். பெண் என்பதால் தாம் ஒடுக்கப்பட்டதாகச் சொல்வதையும் அவர் ஏற்கவில்லை. அவர் வாழ்வைப் பொறுத்தவரை அக்கூற்றை அப்படியே ஏற்கலாம். அதையே பல்கலைக்கழகத்திற்கு நற்சான்றாகக் கொள்வது தவறு. பாதிக்கப்பட்டவரின் பெருந்தன்மையால் விதியின் குறை நீங்கிவிடாது.

1945இல் அரசு உதவித்தொகையில் அவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். விரும்பியது இயற்பியல், கிடைத்த இடமோ வானிலைக் கருவிகளில். இந்தத் தற்செயலே அவருடைய வாழ்க்கைப் பணியானது. 1948இல் திரும்பிப் புணேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். எளிய கருவிகளைக்கூடப் பிரிட்டனிலிருந்து வரவழைத்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டு உற்பத்திக்கு வழிசெய்தார். அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். தவறான அளவீட்டைவிட அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. பிழையான எண் அட்டவணையில் ஏறிவிட்டால், பின்வரும் கணக்கீடுகள் அனைத்தும் அதை உண்மையென நம்பியே நடக்கும். எனவே அளவுத்திருத்தம் அவருக்குச் சடங்கன்று. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலைப்பின்னலை நிறுவியதும், 1963இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்கத் தும்பாவில் வானிலை ஆய்வகம் அமைத்ததும், பலூனில் ஏற்றி அனுப்பும் ஓசோன் அளவியை உள்நாட்டிலேயே உருவாக்கியதும் இதன் தொடர்ச்சியே. துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் அவர் வந்தடைந்த இடம் பெங்களூர். அமர்ந்த இடம் இராமன் ஆராய்ச்சி நிறுவனம். பட்டம் மறுக்கப்பட்ட ஏடு இருக்கும் அதே நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வருகைதரு பேராசிரியராக இருந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகள் பற்றிய இரு நூல்கள் 1980, 1981 ஆண்டுகளில் வெளிவந்தன. பின்னர் காற்றாற்றல் பக்கம் திரும்பினார். வானிலை முன்னறிவிப்புக்காக வைக்கப்பட்ட காற்றுமானிகள் காற்றாலைக்கு இடம் தேட முழுமையாக உதவா. பல இடங்களில் கட்டடமும் மரமும் காற்றை மறைத்து நின்றன. எனவே பழைய தரவுகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்டதோடு நில்லாமல், காற்று மிகுந்த இடங்களில் புதிதாகக் கம்பம் நட்டு அளக்கும் பணியைப் பெங்களூரிலிருந்து நடத்தினார். நகரின் புறத்தே உள்ள தொழிற்பகுதியில், காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் மீண்டும் பட்டறைப் பக்கம் சென்றது அவரை அறிந்தவர்களுக்கு வியப்பளித்திராது.

இந்திய தேசிய அறிவியல் கழகம் 1987இல் கே. ஆர். இராமநாதன் பெயரிலான பதக்கத்தை அவருக்கு அளித்தது. இராமநாதனும் இராமனின் மாணவரே. 1994இல் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் இழந்த அன்னா மணி, 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார்.