மேசைமேல் ஒரு கம்பிச்சடக்கு: பழைய இரயில் கட்டடங்களும் நிழற்படக் கருவியும்



மாதிரி இரயில் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, வட்டமான தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் விளையாட்டுப் பொருள்தான். ஆனால், அதனை ஒரு கலையாகவே பயில்வோர் உலகெங்கும் உள்ளனர். உண்மையான ஓர் இரயில் பாதையை, அதன் நிலையம், பாலம், கைகாட்டி மரம், தண்ணீர்த் தொட்டி, ஊழியர் வீடுகள் ஆகியவற்றோடு ஒரே விகிதத்தில் சுருக்கி மேசைமேல் அமைப்பது அவர்கள் மேற்கொள்ளும் பணி. அப்பணிக்கு முதற்கருவி கத்தியும் பசையும் அல்ல. நிழற்படக் கருவியே ஆகும். பழைய கட்டடங்களைத் தேடிச் சென்று, நாற்புறமும் படமெடுத்து, அப்படங்களிலிருந்தே அவர்கள் தம் சிற்றுலகைப் படைக்கின்றனர்.

இப்பொழுதுபோக்கிற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு? குறிப்பாக, கம்பிச்சடக்கு போட்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது? இக்கட்டுரை அதனையே ஆராய்கிறது.

ஒரு பள்ளத்தாக்கைக் காத்த மனிதர்

முதலில் இங்கிலாந்து நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ராய் இங்லண்ட் என்பவர் 1925ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்தார். இரயில்கள்மீது பெருவிருப்பம் கொண்டிருந்த அவரை, ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் சிற்றூர்கள் கவர்ந்தன. வைக்கோல் வேய்ந்த கூரைகளும் பழைய செங்கற் சுவர்களும் கொண்ட குடிசைகள் அங்கிருந்தன. ஆனால், அவர் கண்ணெதிரேயே அவை ஒவ்வொன்றாக மாற்றப்பட்டும் இடிக்கப்பட்டும் வந்தன. அவற்றைத் தடுக்கும் அதிகாரமோ விலைக்கு வாங்கும் செல்வமோ அவரிடம் இல்லை. எனவே, அவற்றை அளந்தார், படமெடுத்தார், குறிப்பெழுதினார். பின்னர் அட்டையையும் நீர்வண்ணத்தையும் கொண்டு, 1:76 என்னும் விகிதத்தில் குடிசைகளை உருவாக்கினார்.

அம்முயற்சியே 1954ஆம் ஆண்டு லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் பெண்டன் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. 1920, 1930ஆம் ஆண்டுகளின் நாட்டுப்புறத்தை இன்றும் அங்குக் காணலாம். அங்குள்ள மாதிரி வீடுகளுள் சிலவற்றின் மூல வீடுகள் இன்று அவ்வடிவில் இல்லை. மூலம் அழிந்த பின்னரும் அதன் அளவும் நிறமும் நிலைத்திருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் உரிய காலத்தில் ஒருவர் எடுத்த படங்களும் குறிப்புகளுமே அன்றோ?

சுற்றுலாப் படமும் அளவுப் படமும்

எல்லாப் படங்களும் இப்பணிக்கு உதவுவதில்லை. சுற்றுலாச் செல்வோர் கட்டடத்தின் முன்னே நின்று, அழகான ஒரு கோணத்தில் படமெடுப்பர். மாதிரி செய்பவர் எடுப்பதோ அளவுப் படம். சுவருக்கு நேர் எதிரே, கோணம் சாயாமல் நின்று எடுப்பார். முன்பக்கத்தை எடுத்ததோடு நில்லாமல், எவரும் பாராத பின்பக்கத்தையும் எடுப்பார். மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது, கூரைத் தகரம் எவ்விடத்தில் துருவேறியுள்ளது, படிக்கட்டின் எப்பகுதி தேய்ந்துள்ளது என்பனவெல்லாம் அவருக்கு வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும் வேளையைவிட மேகமூட்டமான வேளையையே அவர் விரும்புவார். அப்போதுதான் கூரையின் நிழலுக்குள் மறைந்திருக்கும் பகுதி தெளிவாகத் தெரியும்.

அளவை அறிவதற்கு ஓர் எளிய வழியுண்டு. 1 மீட்டர் நீளக் கோலொன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் படமெடுத்தால் போதும். கோல் வைக்க இயலாத இடத்தில், ஒரு செங்கல்லின் உயரத்தை அளந்துகொண்டு, படத்தில் செங்கல் வரிசைகளை எண்ணலாம். மரக்கட்டடமாயின் பலகைகளை எண்ணலாம். நம் நாட்டில் மற்றுமொரு வசதியும் உண்டு. மலாயா இரயில் பாதை மீட்டர் அளவுப் பாதையாகும். அதாவது, இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் 1 மீட்டர். ஆகவே, தண்டவாளத்தோடு எடுக்கப்பட்ட பழைய படம் ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. எனினும், தண்டவாளம் இருக்கும் அதே தொலைவில் உள்ள பொருள்களுக்கே அவ்வளவு பொருந்தும் என்பதை மறத்தல் ஆகாது.

தைப்பிங் முதல் சிங்கப்பூர் வரை

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதனை அமைப்பதில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். அதன் பின்னர், தென்னிந்தியத் தமிழர்கள் பாதை போடவும் பராமரிக்கவும் வந்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். செந்தூல் இரயில் பட்டறையைச் சுற்றித் தமிழர் குடியிருப்புகள் தழைத்தன.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்னும் பெயரோடு விளங்குகிறது. அங்கே இப்போது இரயில் இல்லை. எஞ்சியிருப்பவை பயணச்சீட்டு அறையும் நிலையத்தின் பெயர்ப்பலகையுமே. அப்பலகையில் ரோமன், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்திலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நம் எழுத்து இந்நாட்டு இரயில் நிலையத்தில் நின்றதற்குக் கண்கூடான சான்று அது. மாதிரி நிலையம் ஒன்றை அமைக்கும் மாணவன், அந்த நான்கு எழுத்துகளையும் சின்னஞ்சிறு பலகையில் எழுதும்போது கற்றுக்கொள்வது வரலாறன்றி வேறென்ன?

பெருங்கட்டடங்களுக்கும் குறைவில்லை. கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹபேக் வடிவமைத்த கோலாலம்பூர் இரயில் நிலையம் 1910ஆம் ஆண்டு எழுந்தது. அவரே வடிவமைத்த ஈப்போ நிலையம் 1917ஆம் ஆண்டு நிறைவுற்றது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கினையும் குறிக்கும் சிலைகள் அதன் முகப்பில் நிற்கின்றன. பேராக் ஆற்றின்மீது காராயில் அமைந்த விக்டோரியா பாலம் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 2002ஆம் ஆண்டு அருகிலேயே புதிய பாலம் எழும்வரை இரயில்களைத் தாங்கி நின்றது.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தஞ்சோங் பகார் நிலையம் தன் இறுதி இரயிலை அனுப்பியது. அவ்விரவு கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டிச் சென்றார். அந்நாள்களில் புக்கிட் தீமா நிலையத்தில் நிழற்படக் கருவியோடு திரண்டோர் பலர். செங்கல்லாலான அச்சிறு நிலையத்தில்தான், ஒற்றைப் பாதையில் ஒரே வேளையில் ஒரு வண்டியே செல்வதை உறுதிசெய்யும் அனுமதிச் சாவியை நிலைய ஊழியரும் ஓட்டுநரும் கைமாற்றிக்கொண்டனர். பின்னர்ப் பாதையின் தண்டவாளங்களுள் பெரும்பகுதி அகற்றப்பட்டது. நிலையமும் புக்கிட் தீமா வட்டாரத்து இரும்புப் பாலங்கள் இரண்டும் பாதுகாக்கப்பட்டன.

சட்டம் பெரியதைக் காக்கும். மேசை சிறியதைத் தேர்ந்தெடுக்கும்

மேலே கூறிய கட்டடங்களுள் பெரும்பாலானவை நிலைத்திருப்பவை. ஆனால், அவற்றைத் தவிர எத்தனையோ கட்டடங்கள் பாதையோரம் இருந்தன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட சிறு நிலையங்கள், கடவுப்பாதைக் காவலர் குடில், தண்டவாளத் தொழிலாளர்களின் கருவிக் கொட்டகை, வரிசை வீடுகள், அவற்றின் கோடியில் ஒரு பொதுக் குழாய், சற்றுத் தள்ளி ஒரு சிறு கோயில் என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இரட்டைப் பாதைத் திட்டம் நாட்டின் வடக்கே 2014ஆம் ஆண்டளவில் நிறைவுற்றபோதும், பின்னர்க் கிம்மாசுக்குத் தெற்கே தொடர்ந்தபோதும், இத்தகைய சிறு கட்டடங்கள் பல மறைந்தன. பாதை வளர்ச்சி வேண்டாமென்று எவரும் கூறார். ஆயினும், இடிக்கப்பட்டவற்றுள் பலவற்றுக்கு அளவோ வரைபடமோ ஒரு நல்ல படமோகூட நம் சமூகத்தின் கையில் இல்லை.

இவ்விடத்தில்தான் மாதிரி இரயில் கலை நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. இக்கலையில் பெரிதும் வழங்கும் விகிதம் 1:87 ஆகும். அவ்விகிதத்தில் நம் மீட்டர் பாதை 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளமாகச் சுருங்கும். 2.1 மீட்டர் உயரக் கதவு 24 மில்லிமீட்டராகும். 200 மீட்டர் நீள நடைமேடையோ 2.3 மீட்டர் ஆகிவிடும். வீட்டு மேசையில் அதற்கு இடமேது? ஆகவே, மாதிரி செய்வோர் பலர் கோலாலம்பூர் நிலையத்தைத் தொடுவதில்லை. ஒரு நடைமேடை, ஒரு பலகைக் கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, நான்கு வீடுகள் என அமைந்த சிறு நிலையத்தையே நாடுகின்றனர்.

பாதுகாப்புச் சட்டம் பேரழகுடைய கட்டடத்தைத் தேடுகிறது. மேசையோ தனக்குள் அடங்கும் கட்டடத்தைத் தேடுகிறது. அவ்வாறு தேடும்போது, எந்த ஆணையிலும் பெயர் இடம்பெறாத தொழிலாளர் வீடும் கருவிக் கொட்டகையும் முதலிடம் பெற்றுவிடுகின்றன. நம் முன்னோர் வாழ்ந்ததும் உழைத்ததும் அந்தச் சிறு கட்டடங்களில்தாம். ஆதலின், அவற்றைப் படமெடுப்பதும் சுருக்கி அமைப்பதும் நம் வரலாற்றை எழுதும் ஒரு முறையே என்பது என் துணிபு.

வகுப்பறையிலும் இல்லத்திலும்

இதனைப் பள்ளியில் எவ்வாறு செய்யலாம்? விலையுயர்ந்த இயந்திர வண்டி தேவையில்லை. தடித்த அட்டை, அளவுகோல், கைப்பேசியின் நிழற்படக் கருவி ஆகியன போதும். படிநிலை இரண்டு மாணவர்கள் ஒரு கட்டடத்தை அளந்து, 87ஆல் வகுத்து, அட்டையில் வரைந்து வெட்டலாம். விகிதமும் வகுத்தலும் நீள அளவையும் ஒரே பணியில் கைகூடும். ஒவ்வொரு படத்திற்கும் ஊர், நாள், எத்திசையிலிருந்து எடுக்கப்பட்டது ஆகிய மூன்றையும் எழுதி வைக்கப் பழக்குதல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத படம் இருபது ஆண்டுகளில் ஊமையாகிவிடும்.

பாதுகாப்பில் சிறிதும் தளர்வு கூடாது. தண்டவாளத்தில் இறங்குதல் ஆபத்து. சட்டப்படி குற்றமும் ஆகும். மின்மயமான பாதையின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதனருகே நீண்ட கோலை உயர்த்துதல் உயிருக்கே உலை வைக்கும். நிலைய அதிகாரியின் அனுமதியோடு, நடைமேடையிலிருந்தும் பொதுச்சாலையிலிருந்தும் மட்டுமே படமெடுத்தல் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பழைய படத்தொகுப்பைப் புரட்டிப் பாருங்கள். திருமணப் படத்திலோ தீபாவளிப் படத்திலோ, பின்னணியில் ஓர் இரயில் வீட்டின் சுவரும் சன்னலும் தெரியக்கூடும். அப்படம் கறுப்பு வெள்ளையாக இருப்பின், அக்கதவின் நிறம் என்னவென்று அது சொல்லாது. அந்த வீட்டில் வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ சொல்வார்கள். கருவிக் கொட்டகை எப்பக்கம் இருந்தது, தண்ணீர்க் குழாயடி எங்கே இருந்தது, கோயில் மரம் எது என்பனவற்றையும் அவர்களால் மட்டுமே சுட்டிக்காட்ட இயலும். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். கேட்டு எழுதச் செய்யுங்கள்.

கட்டடம் இடிந்த பின்னரும் படத்தை வைத்து மாதிரி செய்யலாம். படமும் இல்லையெனில் நினைவை வைத்துச் செய்யலாம். நினைவுடையோரும் மறைந்துவிட்டால் எதை வைத்துச் செய்வது? எனவே, வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் ஊர் இரயில் நிலையத்தின் முன்பக்கத்தோடு நின்றுவிடாமல், அதன் பின்பக்கத்திற்கும் செல்லுங்கள். அங்குள்ள சிறு கட்டடங்களையும் மறவாமல் படமெடுங்கள்.