கோலத்திலிருந்து பந்திக்கு: தமிழகத்தில் கிறிஸ்துவைப் பின்பற்றுதல், 1606–1945

மீட்பரைப் பின்பற்றுவதை ஞானஸ்நானப் பதிவேட்டையும் விசுவாச அறிக்கையையும் கொண்டு மட்டும் அளந்தால், தமிழகத் திருச்சபை வரலாற்றில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும். என்ன உடுத்துவது, யார் கையால் உண்பது, யாரோடு குடியிருப்பது என்பவையெல்லாம் இங்கே சீஷத்துவத்தின் கேள்விகளாகவே இருந்துவந்தன. துறவியின் கோலமாகத் தொடங்கிய பின்பற்றுதல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோடு ஒரே பந்தியில் உட்காருவது என்ற கேள்வியாக மாறியது. அந்த மாற்றமே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட்டோ தெ நொபிலி காவி உடுத்தார், புலால் நீக்கினார், பிராமணர் சமைத்ததை உண்டார். மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸிடமிருந்தும், முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவக் கிறித்தவர்களிடமிருந்தும் விலகித் தனியே குடியிருந்தார். அவர் மேற்கொண்டது வேடமல்ல. ஐரோப்பிய வாழ்க்கையின் எல்லா வசதியையும் விட்டு அரை நூற்றாண்டு அப்படியே வாழ்ந்து, 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். அவர்மீது எழுந்த புகார்கள் ரோம் வரை சென்றன. பூணூல், குடுமி போன்றவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்து 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணையிட்டார். ஆனால் அந்தத் துறவு சாதியின் வாசலில் நின்றுவிட்டது. 1640களில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் எனத் தனிப் பிரிவே உருவானது. ஒரே ஆண்டவரின் ஊழியர்கள் இரண்டு தனித்தனிப் பந்திகளுக்கு உரியவர்களானார்கள். நொபிலியின் தியாகத்தை மதிக்கும் எவரும் இந்த விலையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பந்தியைப் பற்றிய கேள்வியை உலகின் முன் வைத்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிமார் பணமும் உழைப்பும் உயிரும் கொடுத்ததை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, நட்பை மட்டும் இன்னும் தரவில்லை என்றார். உடன் ஊழியரான இந்தியரை வீட்டுக்கு அழைத்து உணவு பகிராதவர், தாம் பிரசங்கிக்கும் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறாரா என்பதே அப்பேச்சின் உட்பொருள். கூடியிருந்தவர்களில் பலருக்கு அது கசந்தது. அவர்கள் கொடுப்பவர்களாகவே இருந்து பழகியவர்கள்.

அசரியா கேட்ட நட்பு 1921இல் திருப்பத்தூரில் ஒரு வீட்டின் ஒழுங்காக உருவெடுத்தது. தமிழரான மருத்துவர் ச. ஏசுதாசனும், ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலைகளை உடைய செல்வக் குடும்பத்தில் வந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஆசிரமத்தார் மணம் செய்துகொள்ளவில்லை; கதர் உடுத்தினார்கள்; எளிய உணவைச் சேர்ந்து உண்டு, சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். வழிபாட்டுக் கூடத்தைத் திராவிடக் கோயில் அமைப்பில் எழுப்பினார்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில்தான் கண் வைக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அங்கே வழங்கிய முறைப்பெயர். ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளையர் ஆண்ட நாட்டில், செல்வந்தரான ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக இருக்க ஒப்புக்கொண்டதற்கு எந்தக் கோபுரமும் ஈடாகாது. நொபிலி இந்தியரின் கோலத்தை ஏற்றார். பேட்டன் ஓர் இந்தியருக்கு அடுத்த இடத்தை ஏற்றார்.

இந்த உறவு விரைவிலேயே அரசியலாயிற்று. ஆட்சியாளரைப் பொறுத்தவரை, கதர் உடுத்திய வெள்ளையர் கட்சி மாறியவர். 1932இன் தொடக்கத்தில், அந்நியத் துணிக் கடைகள்முன் மறியல் நடந்துகொண்டிருந்த சென்னையில், பேட்டன் போலீசாரின் தடியடிக்கு ஆளானார். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அது கேள்வியாக எழுந்தது. அதற்கு முன்பே, 1930இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. காந்தியின் நண்பரான ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் தங்கவைத்ததுதான் அவர்மீது சொல்லப்பட்ட குற்றம். வந்தவருக்குச் சோறிட்டுப் படுக்க இடம் கொடுத்தது, பேரரசுக்கு எதிரான செயலாகிவிட்டது. கெய்த்தான் திரும்பி வந்து காந்திகிராமப் பணிகளோடு தம் வாழ்வை இணைத்துக்கொண்டார்.

இந்த அனுபவங்களுக்கு இறையியல் மொழி தந்தவர் குருத்துவப் பயிற்சி பெறாத ஒரு கணக்காளர். 1892இல் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்கியலும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் படித்தவர். சட்டமறுப்பு கிறித்தவ நெறிக்கு ஒவ்வாது என்று ஆங்கிலிகன் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் கருத்துரைத்தபோது, குமரப்பா அவரை எதிர்த்து எழுதினார். பின்னாளில் சிறையிலிருந்து எழுதிய நூல், இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. 1945இல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது. இயேசுவை வணங்குவதற்கும் அவர் வழியில் நடப்பதற்கும் இடையே சபைகள் விட்டுவைத்த இடைவெளியே அதன் மையக் கவலை. அயலானின் பசிக்குக் காரணமான பொருளாதாரத்தில் பங்குகொண்டபடியே அயலானை நேசிப்பதாகச் சொல்ல முடியாது என்ற நிலையில், சந்தையும் நூற்பும் எண்ணெய்ச் செக்கும் அவருக்குச் சீஷத்துவத்தின் களங்களாயின. அசரியா உணவு மேசையில் எழுப்பிய கேள்வியை, அந்த உணவு விளையும் இடத்துக்கே அவர் கொண்டுபோனார்.

ஆனாலும் ஏசுதாசன், பேட்டன், குமரப்பா மூவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். சாதியைக் கடப்பது துறவிக்குக் கடினம்தான்; ஆனால் பெண் கொடுப்பது, பெண் எடுப்பது என்ற சோதனை அவருக்கு நேர்வதில்லை. சபைகளில் பெரும்பாலோர் இல்லறத்தார். அவர்களிடையே சாதி நீங்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவரே எழுப்பப்பட்டது. அதனால் பின்பற்றுதலின் வரலாற்றை ஆசிரமங்களோடு நிறுத்த முடியாது. அடுத்து வாசிக்க வேண்டியவை சபைகளின் திருமணப் பதிவேடுகளும் அடக்கப் பதிவேடுகளும்தான். அசரியா எடின்பரோவில் வெள்ளையரிடம் கேட்டதைத் தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தச் சபையில் ஒருவருக்கொருவர் எந்த அளவுக்குக் கொடுத்தார்கள் என்பதை அவற்றிலிருந்தே கணக்கிட முடியும்.