மதகும் வடக்கயிறும்

மனத்துக்கு ஒவ்வாத ஆசையை நினைவிலிருந்தே விலக்கி, அடிமனத்தில் அடைத்துவிடுவதை 'ஒடுக்கம்' என்பர் உளவியலார். தற்காப்பு நடத்தைகளுள் முதன்மையானது இதுவே. வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு இதை விளக்கிய விதம் காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு எளிதில் புரியும். மதகை அடைத்தால் நீர் சும்மா நின்றுவிடுமா? கரையில் வேறெங்கோ கசியும். அடைபட்ட ஆசையும் கனவாக, நோயாகக் கசிகிறது. மதகை அடைப்பவை சமூகக் கட்டுப்பாடும் மனச்சான்றும்.

இதை அப்படியே ஏற்காத ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். அவர் டாக்டர் கிரீந்திரசேகர போஸ் (1887–1953). ஒடுக்கம் பற்றிய ஆய்வுக்கே கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1921இல் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. நூலைப் பிராய்டுக்கு அனுப்பினார். கடிதத் தொடர்பு வளர்ந்தது. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் பிறந்தது.

போஸ் சொன்னது இதுதான்: ஒவ்வோர் ஆசைக்கும் நேர் எதிரான ஆசை அதே மனத்தில் உண்டு. அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கிறது. ஒன்று மற்றதைத் தடுப்பதே ஒடுக்கம். சமபலமுள்ள இரு அணிகள் வடம் இழுப்பதை எண்ணிப் பாருங்கள். இருபுறமும் விசை இருந்தும் வடம் அசைவதில்லை! இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இவ்விளக்கம் பிடித்துப் போனதில் வியப்பில்லை. ஆனால் விசையை அளக்கச் சுருள்வில் தராசு உண்டு. ஆசையை எதைக்கொண்டு அளப்பது? இரு கொள்கைகளும் இடறும் இடம் அதுவே.

பிராய்டு போசின் கருத்தை முழுவதும் ஏற்கவில்லை. ஆயினும் 1931இல், தம் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த தந்த விஷ்ணு சிலையைத் தம் மேசைமீதே வைத்துக்கொண்டார்.