கறந்த பாலும் காவற் சட்டமும்

திருமலையில் கதிரவன் எழுவதற்கு நெடுநேரம் முன்னரே பொழுது புலர்ந்துவிடுகிறது. பள்ளியெழுச்சிக்காகத் திருக்கதவம் திறக்கப்பெறும் வேளையில், அர்ச்சகர்களுக்கு முன்னே விளக்கேந்திச் செல்பவர் ஓர் ஆயர். ‘சந்நிதி கொல்லா’ என்று அவரை அழைக்கின்றனர். தமிழில் கொல்லர் என்போர் இரும்படிப்போர். தெலுங்கில் கொல்லா என்போர் ஆனிரை காப்போர். மொழிபெயர்ப்பையே அன்றாடப் பணியாகக் கொண்ட நாம் இத்தகைய சொற்களிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்கிறோம்.

ஆயர் ஒருவருக்கு இப்பெருமை வாய்த்ததற்குத் தலபுராணம் காரணம் கூறும். புற்றினுள் மறைந்திருந்த பெருமாளுக்குச் சோழ மன்னனின் ஆனிரையைச் சேர்ந்த பசு ஒன்று நாள்தோறும் பால் சொரிந்தது. அதனைக் கண்ட இடையன் சினந்து கோடரியை ஓங்கினான். அவ்வடியைப் பெருமாளே தம் தலையில் ஏற்றார் என்பது கதை. இன்றும் விடியற்காலையில் முதல் நிவேதனமாகப் படைக்கப்பெறுபவை பசும்பாலும் வெண்ணெயும் சருக்கரையுமே ஆகும்.

அந்தக் கதையில் பால் பசுவின் மடியிலிருந்து நேரே புற்றினுள் இறங்கியது. இடையில் அளப்பவரும் இல்லை, விற்பவரும் இல்லை. ஆயினும் அதே திருமலையில், பாலிலிருந்து பெறப்படும் நெய்யைப் பற்றிய ஐயம் நம் காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன? உண்பதும் பருகுவதும் அவரவர் சொந்த உரிமை அன்றோ? அதனுள் அரசு எவ்வளவு தூரம் நுழையலாம்? காய்ச்சாத பாலை முன்னிறுத்தி உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வாதம் இது. நம் நாட்டில் இவ்வாதம் சென்ற வழியைச் சிறிது காண்போம்.

முன்னாளில் பாலுக்குக் காவலாக இருந்தது வாங்குவோரின் கண்ணே. பால்காரர் பசுவையும் கன்றையும் வீட்டு வாயிலுக்கே ஓட்டிவருவார். வெறுஞ்செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பின்னரே கறக்கத் தொடங்குவார். வீட்டு அம்மையார் கண் இமையாமல் நின்றிருப்பார். நம் பெற்றோர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிற்றூர்களில் வளர்ந்தோர் நேரிலும் கண்டிருப்பர். பசு நம் கண்முன் நிற்கிறது, கறப்பவரின் ஊரும் பேரும் தெரியும், பால் நுரைபொங்க நம் பாத்திரத்தில் இறங்குகிறது. இதற்குமேல் அரசின் துணை எதற்கு என்று அக்காலத்தவர் கருதியதில் வியப்பில்லை.

நகரங்கள் பெருகியபோது பசு வாயிலுக்கு வருவது நின்றது. பால் மட்டும் குடத்தில் வந்தது. குடத்துப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதை வெறுங்கண்ணால் அறிதல் அரிது. பால்மானி என்னும் கருவி பாலின் அடர்த்தியை அளந்து காட்டும். ஆனால் அதனையும் ஏமாற்ற வழி கண்டனர். பாலில் தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும். ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி நல்ல பால் என்றே சான்று தரும்.

இந்நிலையில் சென்னை மாகாணம் 1918-ஆம் ஆண்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. திருப்பதியைத் தன்னகத்தே கொண்டு 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. அதனையடுத்து நாடு முழுமைக்கும் பொதுவான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. பாலில் கொழுப்பு இவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் இவ்வளவு என்று விதிகள் அளவு வகுத்தன. அளவு குறைந்தால் குற்றம், குற்றத்திற்குச் சிறை.

இச்சட்டத்தின் கடுமையை ஒரு வழக்கால் அறியலாம். உத்தரப் பிரதேசத்தில் 1995-இல் ஒரு பால் வியாபாரியிடமிருந்து மாதிரி எடுக்கப்பெற்றது. அதில் கொழுப்பு நீங்கிய திடப்பொருள் 8.5 விழுக்காடு இருத்தல் வேண்டும், இருந்ததோ 7.7 விழுக்காடு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019-இல் முடிந்தது. குறைவு சிறிதாயினும் குற்றம் குற்றமே என்பது தீர்ப்பு. ஒரு குடம் பாலுக்காக 24 ஆண்டுகள் வழக்கு நடந்ததைப் படிக்கும்போது, சட்டத்தின் கை எளியவர் தோளில் விரைவாக விழுகிறதே என்று நெஞ்சு வருந்தாமல் இராது. சட்டத்தை விரும்பாதோர் கூறும் குறைகளில் உண்மை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது.

எனினும், கண்முன் கறந்த பாலே போதும் என்னும் நம்பிக்கையும் முழுதும் சரியன்று. இதனை உலகிற்கு உணர்த்தியது மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டா என்னும் சிறு தீவு. அங்கே ஆடுகளை வீட்டு வாயிலுக்கு ஓட்டிவந்து கறந்து விற்பது வழக்கம். வாங்குவோர் அங்கும் நம் அம்மையாரைப்போல் பார்த்துக்கொண்டே நின்றனர். ஆயினும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வாட்டும் காய்ச்சல் ஒன்று அத்தீவில் பரவியிருந்தது. அதற்குக் காரணமான நுண்ணுயிரை 1887-இல் டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர் கண்டறிந்தார். நலமாகத் தோன்றும் ஆடுகளின் உடலிலேயே அவ்வுயிர் குடியிருப்பதை 1905-இல் அத்தீவைச் சேர்ந்த தெமிஸ்டோக்லிஸ் சம்மித் என்னும் மருத்துவர் காட்டினார். 1906-இல் படைவீரர்க்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பெற்றது. அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பழைய வழக்கத்தைக் கைவிடாத பொதுமக்களிடையே நோய் நெடுங்காலம் நீடித்தது. புரூசின் பெயராலேயே புருசெல்லா நோய் என்று இன்று வழங்கும் அது நம் நாட்டுக் கால்நடைகளிடத்தும் உண்டு. மாட்டுக் காசநோயும் காய்ச்சாத பாலின் வழியே மனிதரை அடையும்.

இவ்வுண்மை தெரிந்தபின் பல நாடுகள் சட்டத்தை நாடின. அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 1908-இல் பாலைப் பாஸ்ச்சர் முறையில் சூடாக்க வேண்டும் என ஆணையிட்டது. பாலை 63 பாகை வெப்பத்தில் அரைமணி நேரமோ, 72 பாகையில் 15 விநாடியோ வைத்துக் குளிர்விப்பது அம்முறை. ஸ்காட்லாந்து 1983-இல் காய்ச்சாத பாலின் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்க அரசு 1987-இல் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. கனடா 1991-இல் விற்பனையை முழுதும் விலக்கியது. இங்கிலாந்திலோ, எச்சரிக்கைக் குறிப்புடன் பண்ணையாளர் நேரே விற்கலாம். தம் பசுவின் பாலைத் தாம் விரும்பியவாறு பருகத் தமக்கு உரிமையில்லையா என்று கேட்போர் இந்நாடுகள் அனைத்திலும் உளர்.

நம் நாட்டில் இவ்வாதம் அவ்வளவு கூர்மையாக எழவில்லை. அதற்குக் காரணம் நம் அடுப்பே எனலாம். காய்ச்சாத பால் செரித்தற்கு அரிது, காய்ச்சிய பால் எளிது என்று சுசுருத சம்ஹிதை பிரித்துரைக்கிறது. கறந்த வெம்மை மாறாத பாலைத் ‘தாரோஷ்ணம்’ என்று அந்நூல் புகழ்வதும் உண்மை. ஆனால் நம் வீடுகளில் வழக்கம் வேறாக அமைந்தது. திருமஞ்சனத்திற்குக் காய்ச்சாத பால். மனிதர்க்குக் காய்ச்சிய பால். புதுமனை புகும்போதும் நாம் முதலில் செய்வது பால் காய்ச்சுதலே. நுண்ணுயிரை அறியாத காலத்திலேயே நம் பாட்டிமார் அதற்கு மருந்து செய்துவந்தனர்.

ஆகவே நம் சட்டம் காய்ச்சாத பாலை அருந்துவோரைத் தண்டிக்கவில்லை. இன்று நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இல் இயற்றப்பெற்று 2011-இல் நடைமுறைக்கு வந்தது. உழவர்க்கும் அவர்தம் பண்ணைத் தொழிலுக்கும் இச்சட்டத்தின் விதிகள் பொருந்தா என்று அதிலேயே கூறப்பட்டுள்ளது. தம் தொழுவத்துப் பாலைத் தாம் பருகும் குடியானவரின் வீட்டு வாயிலோடு சட்டம் நின்றுவிடுகிறது. சொந்த உரிமைக்கு அஃது அளித்த இடம் அதுவாகும்.

கண்ணுக்குத் தண்ணீர் அகப்படும். அடுப்புக்கு நுண்ணுயிர் அடங்கும். இவ்விரண்டிற்கும் அடங்காத தீங்கு ஒன்று உண்டு. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்றால், அப்பூஞ்சையின் நஞ்சு பாலில் இறங்கும். அஃப்ளடாக்சின் என்னும் அந்நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நடத்திய நாடளாவிய ஆய்வில் 6,432 பால் மாதிரிகள் சோதிக்கப்பெற்றன. உடலுக்குக் கேடு தரும் கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. அளவுக்கு மீறிய அஃப்ளடாக்சின் காணப்பட்டவையோ 368. அவற்றுள் பதப்படுத்திய பாலும் இருந்தது. இங்கே வீட்டு அம்மையாரின் விழிப்பும் பயனில்லை. பாட்டியாரின் அடுப்பும் பயனில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றே அறிய வல்லது. அதனைத் தனியொருவர் வீட்டில் அமைத்துக்கொள்ள இயலாது. பொதுமக்கள் கூடி, அரசின் வாயிலாக அமைத்துக்கொள்வதே வழி.

இனித் திருமலைக்குத் திரும்புவோம். அங்கே நாள்தோறும் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட லட்டுகள் செய்யப்பெறுகின்றன. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு உருவாகும் மடைப்பள்ளிக்குப் ‘போட்டு’ என்று பெயர். எப்பொருள் எவ்வளவு சேர வேண்டும் என்பதற்குத் ‘திட்டம்’ என்னும் அளவுப் பட்டியலும் உண்டு. 2016-இல் ஒரு கேள்வி எழுந்தது. லட்டு உணவா, பிரசாதமா? அது புனிதமான பிரசாதம். உணவு என்னும் வகையில் அடங்காது என்றது தேவஸ்தானத்தின் வாதம். சட்டம் அதற்கும் பொருந்தும் என்றது உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

இரு சொற்களில் எதனை எங்கே இடுவது என்று நாளும் தடுமாறும் நமக்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்றவில்லை. மனிதர் உட்கொள்வதற்கென அமைந்த எப்பொருளும் உணவு என்பது சட்டத்தின் விளக்கம். இலாபம் கருதினும் கருதாவிடினும், அரசினதாயினும் தனியாரதாயினும், உணவை ஆக்கி வழங்கும் எந்த முயற்சியும் அதன் எல்லைக்கு உட்பட்டதே. நம் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பும் சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றிற்கு உட்படுத்தியே வழங்குகிறது. பக்தரின் உள்ளத்தில் அது பிரசாதம். வயிற்றில் அது உணவு. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும்.

எட்டாண்டுகள் கழித்து அவ்வாதம் வேறு உருவில் வந்தது. 2024-இல் தேவஸ்தானத்திற்கு வந்த நெய்யின் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பெற்றன. நெய்யில் அயற்கொழுப்பு இருத்தல் கூடும் என்ற ஆய்வறிக்கை செப்டம்பரில் வெளியாகி நாடெங்கும் பெருங்கலக்கத்தை விளைத்தது. அரசியல் கட்சிகளின் பூசலும் அதனுடன் சேர்ந்தது. அக்டோபர் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மத்தியப் புலனாய்வுத் துறையினர் இருவர், மாநிலக் காவல்துறையினர் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரி ஒருவர் அடங்கிய விசாரணைக் குழுவை அமைத்தது. யார் குற்றவாளி என்பதைக் கூறுவது நீதிமன்றங்களின் பணி. அதனுள் நாம் புகவில்லை.

நமக்கு வேண்டிய பாடம் வேறு. மடைப்பள்ளியில் ஆசாரத்திற்குக் குறைவில்லை. யார் உள்ளே வரலாம், எந்நிலையில் வரலாம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பெற்றுவந்தன. ஆனால் நெய் எங்கிருந்தோ சுமையுந்தில் வந்தது. எந்தப் பசு, எந்தத் தொழுவம், எத்தனை கை மாறியது என்பதை உள்ளிருப்போர் அறிய வழியில்லை. கோடரி ஏந்திய அந்த இடையனுக்குத் தன் பசு எங்கே பால் சொரிகிறது என்பதாவது தெரிந்திருந்தது. ஆனந்த் நகரத்து ஆய்வுக்கூடம் செய்தது, அவ்வறிவை நமக்குத் திருப்பித் தர முயன்றதே ஆகும்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இஃது அயலார் செய்தி அன்று. கோடை விடுமுறையில் ஊர் சென்று, மலையேறி, லட்டுப் பொட்டலத்துடன் இரயிலில் திரும்புகிறோம். அண்டை வீட்டுப் பஞ்சாபியரும் வங்காளியரும் அதனை இரு கையாலும் ஏந்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேளாமல் வாயில் இடுகின்றனர். அவர்களுடைய குழந்தைகளும் உண்கின்றன. நம் பாலை நாம் விரும்பியவாறு பருகுவதற்கு உள்ள உரிமையை, கேள்வி கேளாமல் கையேந்துவோர் பொருட்டு நாம் எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தைக்கு வார்க்கும் பாலுக்கும் அதுவே நீதி. அதற்குத் தேர்ந்துகொள்ளும் வயது இன்னும் வரவில்லை.

சட்டமும் தன் பங்கைச் செவ்வனே ஆற்றுதல் வேண்டும். குடத்துப் பால்காரரைப் பிடிக்கும் அதே விழிப்புடன் பெருஞ்சுமையுந்துகளையும் சோதித்தல் வேண்டும். மாட்டுத் தீவனத்தையும் சோதித்தல் வேண்டும். நாமும் ஆய்வு என்றவுடன் அதனை நம் நம்பிக்கையின்மீது ஐயுற்றதாகக் கொள்ளாதிருப்போமாக. செம்பைக் கவிழ்த்துக் காட்டும்படி கேட்ட அம்மையார் பால்காரரை இகழ்ந்தவர் அல்லர். மறுநாளும் அவரிடமே பால் வாங்கினார்.