உப்புக்கல் வழக்கு

பெங்களூரில் மேக்ரி சர்க்கிளைத் தாண்டும்போதெல்லாம் ராமன் ஆராய்ச்சி நிலையத்தைக் காட்டி, "நம்ம திருச்சிக்காரர்" என்று பேத்தியிடம் பெருமையடிப்பேன். போன மாதம் அவள், "தாத்தா, அவர் தப்பே பண்ணலையா?" என்று கேட்டுவிட்டாள். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், மழுப்ப முடியுமா? சங்க மலர்களில் ராமனுக்குப் புகழ்மாலைகள் நிறைய வந்துவிட்டன. இது அவர் தோற்ற வழக்கு.

வழக்கு நம் சமையற்கட்டு உப்பைப் பற்றியது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கிய படிகம் அது. அழுத்தினால் துளி சுருங்கும், விட்டால் மீளும், அது மீள்தன்மை. சூடேற்றினால் அயனிகளின் அதிர்வு கூடும். அந்த அதிர்வுதான் உள்ளே தங்கும் வெப்பம். இரண்டுக்கும் வேர் ஒன்றே, அயனிகளுக்கு இடையிலான விசை. 1912-இல் டெபை, திண்மத்தில் ஒலி செல்லும் வேகத்தைக் கொண்டே அதன் தன்வெப்பத்தைக் கணித்தார். உப்புக்கு மீள்தன்மை வழியே போனாலும், தாழ்வெப்பநிலைத் தன்வெப்பம் வழியே போனாலும், டெபை வெப்பநிலை 320 கெல்வினை ஒட்டியே வருகிறது. அதே 1912-இல் மாக்ஸ் பார்னும் ஃபான் கார்மனும் படிக அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் என்றனர்.

ஹிட்லர் ஆட்சியில் பதவியிழந்த பார்னை 1935-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் ராமனேதான். நிலையான பதவி வாங்கித்தர முயன்றார், நடக்கவில்லை. பார்ன் 1936-இல் எடின்பரோ போய்ச் சேர்ந்தார்.

1940களின் தொடக்கத்தில் அதே ராமன், பார்னின் கொள்கை பிழை, உப்புப் படிகத்துக்கு ஒன்பதே ஒன்பது தனித்தனி அதிர்வெண்கள்தான் என்று அடித்துச் சொன்னார். அவர் மாணவர் ஆர். எஸ். கிருஷ்ணன் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் எடுத்த நிறமாலையிலும் கோடுகள் தெரிந்தன. அபாரமான சோதனை. சறுக்கல், அதற்குப் பொருள் கண்டதில். தொடர்ச்சியான பரவலிலேயே அதிர்வுகள் நெருங்கிக் குவியும் இடங்கள் கோடுபோலத் தெரியும் என்று 1947-இல் பார்னும் மேரி பிராட்பர்னும் கணக்கிட்டுக் காட்டினர். தேர்த் திருவிழாவில் கூட்டம் மொய்க்கும் மூலைகளை மட்டும் பார்த்துவிட்டு, வீதியில் வேறெங்கும் ஆளே இல்லை என்றால் எப்படி?

1960-இல் கனடாவில் பிராக்ஹவுஸ் குழுவினர் உப்பின் உறவான சோடியம் அயோடைடு படிகத்தில் நியூட்ரான்களைச் செலுத்தி அதிர்வெண்களை அளந்தார்கள். வந்தவை தொடர்ச்சியான வளைகோடுகள். ராமன் மட்டும் 1970-இல் மறையும்வரை தம் கருத்தை விடவில்லை.

"அப்போ அந்தக் கோடெல்லாம் பொய்யா தாத்தா?"

"கோடு நிஜம்தான்மா" என்றேன். பழைய நிறமாலைப் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.